அணையும் விளக்கின் சுடர்: இறுதிக்காலத் தெளிவும் உழைச்செல்வார் கடமையும்

ஆய்வுச் சுருக்கம்

மரணப்படுக்கையில் இருப்போர் சிலருக்கு இறப்புக்குச் சில மணி நேரமோ சில நாள்களோ முன்பாக எதிர்பாராத தெளிவும் வலிவும் தோன்றுவது உண்டு. பேச்சற்றுக் கிடந்தவர் பேசுவதும், உற்றாரை அடையாளம் காணாதவர் பெயர் சொல்லி அழைப்பதும், உணவை மறுத்தவர் விரும்பிக் கேட்பதும் இந்நிலையின் இயல்புகள். தமிழ் வழக்கு இதனை அணையப்போகும் விளக்கின் சுடரோடு ஒப்பிடுகிறது. அப்பழமொழியின் பொருளையும் பயன்பாட்டையும், காஞ்சித்திணை காட்டும் காவல் மரபையும், திருக்குறளின் மருந்து அதிகாரம் சுட்டும் ‘உழைச்செல்வான்’ என்னும் கருத்தாக்கத்தையும் இணைத்து, இக்குறுகிய காலத்தில் பேணுவோர் ஆற்றத்தக்க கடமைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இறுதிக்காலத் தெளிவு, உழைச்செல்வான், காஞ்சித்திணை, மங்கல வழக்கு, நோய் ஆதரவுச் சிகிச்சை, பேணல்.

முன்னுரை

சாக்காட்டைப் பற்றித் தமிழிலக்கியம் மிகுதியாகப் பேசுகிறது. நிலையாமை, கையறுநிலை, நடுகல், ஒப்பாரி ஆகியன குறித்த ஆய்வுகளும் பலவாக வெளிவந்துள்ளன. இவை பெரும்பாலும் இறப்புக்குப் பிந்தைய நிலையையோ இறப்பு பற்றிய பொதுச் சிந்தனையையோ மையமாகக் கொண்டவை. இறப்பதற்குச் சற்று முன்னர், படுக்கையின் அருகே இருப்பவர் என்ன செய்கிறார், என்ன செய்ய வேண்டும் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. அவ்வினா கூர்மையடையும் இடம், நோயாளி திடீரெனத் தேறுவதுபோல் தோன்றும் அந்தச் சிறுபொழுதாகும். அப்பொழுதை மீட்சி எனத் தவறாகக் கொண்டால் சொல்ல வேண்டியவை சொல்லப்படாமலே போகும். சாவின் அறிகுறி என்று மட்டும் கொண்டால், உயிரோடு இருப்பவர் உயிரோடு இருக்கும்போதே இழக்கப்படுவார். இவ்விரு பிழைகளுக்கும் இடையில் அமைந்த வழியைத் தமிழ் மரபின் துணைகொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவம் காட்டும் இறுதிக்காலத் தெளிவு

இந்நிலைக்கு ‘இறுதிக்காலத் தெளிவு’ எனப் பொருள்படும் ஆங்கிலக் கலைச்சொல்லை ஜெர்மானிய ஆய்வாளர் மைக்கேல் நாம் 2009ஆம் ஆண்டு வழங்கினார். அதே ஆண்டில் அவரும் அமெரிக்க மனநல மருத்துவர் புரூஸ் கிரேசனும் பழைய மருத்துவ ஆவணங்களிலிருந்து திரட்டிய நிகழ்வுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். அந்நிகழ்வுகளில் பெரும்பாலானவை இறப்புக்கு முந்தைய ஒரு வாரத்திற்குள் அமைந்தவை. நியூசிலாந்தில் நோய் ஆதரவு இல்லம் ஒன்றில் அடுத்தடுத்து நிகழ்ந்த 100 இறப்புகளைக் கவனித்த மாக்லியோடு, 6 பேரிடம் மட்டுமே இத்தகைய தெளிவைக் கண்டதாக 2009இல் பதிவு செய்தார். முற்றிய மறதிநோயில் தோன்றும் இத்தகைய தெளிவைக் குறித்து அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 2018இல் வல்லுநர்களைக் கூட்டி விவாதித்தது. இது ஏன் தோன்றுகிறது என்பதற்கு உறுதியான விளக்கம் இன்றளவும் எட்டப்படவில்லை.

மேற்கண்டவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, இந்நிலை உண்மையானது. உற்றாரின் ஆசை படைத்த தோற்றம் அன்று. இரண்டாவது, இது எல்லார்க்கும் வருவதன்று. இரண்டாவது உண்மை பேணுவோர்க்கு இன்றியமையாதது. கடைசியில் ஒரு சொல்லாவது பேசுவார் என்று காத்திருந்து, அது நிகழாமற்போன குடும்பங்களே மிகுதி. அது பேணலின் குறையன்று.

பழமொழியின் பொருளும் இடமும்

‘அணையப்போகிற விளக்குப் பிரகாசமாய் எரியும்’ என்பது தமிழகம் எங்கும் வழங்கும் பழமொழி. அகல்விளக்கில் எண்ணெய் வற்றுகையில் திரியில் ஊறி எஞ்சியதை எரித்துக்கொண்டு சுடர் ஒருமுறை உயர்ந்து பின்பு ஒடுங்கும். அன்றாடம் விளக்கேற்றியோர் கண்ட காட்சியிலிருந்து பிறந்த உவமை இது. சீன மொழியில் இதே நிலை, மறையும் கதிரவனின் ஒளி மீண்டும் வானில் பட்டுத் தெறிப்பதோடு ஒப்பிடப்படுகிறது. ஷேக்சுபியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில் ஐந்தாம் அங்கத்தில் ரோமியோ, சாகுந்தறுவாயில் சிலர் மகிழ்ச்சியுறுவதையும், அதற்கு அவர்களைப் பார்த்துக்கொள்வோர் மின்னல் எனப் பெயரிட்டு வழங்குவதையும் குறிப்பிடுகிறான். மூன்று மொழிகளும் ஒளியையே உவமையாக்கியுள்ளமை நோக்கத்தக்கது. அச்சொல் மருத்துவரின் சொல்லாக அன்றி, நோயாளியின் அருகிருப்போர் வழங்கும் சொல்லாக அங்குச் சுட்டப்படுவது அதனினும் கருதத்தக்கது. இவ்வறிவு படுக்கையருகே பிறந்த அறிவு.

இப்பழமொழி சொல்லப்படும் இடத்தையும் காலத்தையும் கருதுதல் வேண்டும். இது நோயாளியின் செவிபடச் சொல்லப்படுவதில்லை. திண்ணையிலோ முற்றத்திலோ தாழ்ந்த குரலில் சொல்லப்படும். இதற்குக் காரணம் மங்கல வழக்கு எனலாம். நன்னூல் தகுதி வழக்கின் வகைகளுள் ஒன்றாக மங்கலத்தைக் குறிப்பிடும். செத்தாரைத் துஞ்சினார் என்றல் அதற்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு. வீட்டு விளக்கையும் ‘அணை’ என்னாது ‘அமர்த்து’, ‘குளிரவை’ என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. வெறும் விளக்குக்கே விலக்கப்படும் அச்சொல், பழமொழியில் மனித உயிருக்கு ஏற்றிச் சொல்லப்படுகிறது. ஆதலின் அது மறைவிடத்துச் சொல்லாயிற்று.

காலத்தை நோக்கின், இப்பழமொழி பெரிதும் இறப்புக்குப் பின்னரே பேசப்படுகிறது. ‘நேற்று எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாரே’ என்று ஒருவர் அரற்றும்போது மூத்தோர் ஒருவர் விடையாக இதனைச் சொல்வார். அவ்விடத்தில் இப்பழமொழி ஆற்றும் பணி பழி நீக்குதலாகும். முதல்நாள் சோறு ஊட்டியவர் மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். குளிக்கவைத்தவரும் அவராகவே இருப்பார். ‘அதைக் கொடுத்திராவிட்டால்’, ‘காற்றில் உட்கார வைத்திராவிட்டால்’ என்னும் பேச்சு அவர்மேல் திரும்பும். சுடர் உயர்ந்தது அணைவதற்கே என்னும் விளக்கம் அப்பழியைத் தடுக்கிறது.

எனினும் பின்னோக்கிப் பார்க்கையில் ஆறுதலாகும் அறிவு, முன்னோக்கிச் சொல்லப்படும்போது தீர்ப்பாகிவிடும். தேறும் நோயாளிகள் எல்லாரும் இறப்பதில்லை. தொற்றுக்குத் தரப்பட்ட மருந்து பலனளித்திருக்கலாம். மயக்கம் தரும் மருந்தின் அளவு குறைந்திருக்கலாம். ஸ்டீராய்டு மருந்து தற்காலிக உற்சாகம் அளித்திருக்கலாம். எனவே பழமொழியை முன்னறிவிப்பாகக் கொள்ளாமல் ஆயத்தத்திற்கான அழைப்பாகக் கொள்வதே தகும்.

காஞ்சித்திணையில் காவல்

புண்பட்டுக் கிடக்கும் வீரனைப் பேணும் காட்சிகள் காஞ்சித்திணையில் இடம்பெறுகின்றன. புண்பட்டவனைப் பேய் தீண்டாதபடி மனைவி காப்பதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் தொடாக்காஞ்சி என வகுக்கிறது. காப்பார் இல்லாதவனைப் பேயே காத்தலும் அங்குத் தனித் துறையாக்கப்பட்டுள்ளது. சாகும் நிலையிலுள்ள எவரும் துணையின்றி விடப்படலாகாது என்னும் எண்ணத்தின் எல்லை இது எனலாம். மனிதர் எவரும் இல்லையெனில் பேயாவது உடனிருக்கட்டும் என்னும் அளவிற்கு அவ்வெண்ணம் சென்றுள்ளது.

அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாட்டில் ஒரு பெண் தன் தோழியைக் காவலுக்கு அழைக்கிறாள். மனையில் இரவம், வேம்பு ஆகியவற்றின் தழை செருகப்படுகிறது, யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன, கை மெல்லப் பெயர்ந்து மையிடுகிறது, ஐயவி தூவப்படுகிறது, ஆம்பற்குழல் ஊதப்பட்டு, மணி இயக்கப்பட்டு, காஞ்சி பாடப்படுகிறது, நறும்புகை வீடெங்கும் பரவுகிறது. வெள்ளைமாளர் பாடிய 296ஆம் பாட்டிலும் வேம்பும் காஞ்சியும் ஐயவிப் புகையும் இடம்பெறுகின்றன. பேயச்சத்தை நீக்கிப் பார்த்தால் 281ஆம் பாட்டில் எஞ்சுபவை நான்கு: மெல்லிய தொடுகை, இனிய ஒலி, தூய மணம், தனித்திராத துணை. இன்றைய நோய் ஆதரவுச் சிகிச்சையும் இறுதிநாள்களில் இவற்றையே முதன்மைப்படுத்துகிறது. மேலும், புண்பட்டவன் பிழைத்தானா இல்லையா என்பதை அப்பாட்டு கூறவில்லை. முடிவு தெரியாத நிலையிலேயே காவல் தொடங்குகிறது. விளைவைக் கணக்கிட்டுச் செய்யப்படாத பேணல் என்பதே அதன் சிறப்பாகும்.

உழைச்செல்வானும் நான்கு பண்புகளும்

திருக்குறள் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் (950) மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் ஒருவனாக உழைச்செல்வானை வைக்கிறது. ‘உழை’ என்பது பக்கம் எனப் பொருள்படும். நோயுற்றவன் பக்கத்தே இருந்து இயங்குபவன் உழைச்செல்வான். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு ஒப்ப அருகிருப்பவனும் மருத்துவத்தின் உறுப்பாகக் கொள்ளப்பட்டமை சிந்திக்கத்தக்கது. பரிமேலழகர் தம் உரையில் ஒவ்வோர் உறுப்புக்கும் நான்கு பண்புகளை வகுத்துள்ளார். உழைச்செல்வானுக்கு அவர் கூறுபவை: நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவற்றை அவ்வாறே செய்யும் வன்மை, அறிவு. சொல்லின் ஈறு ஆண்பாலாயினும் புறநானூறு காட்டும் காவலர் பெண்களே. இன்றைய இல்லங்களிலும் இப்பணி பெரும்பாலும் பெண்கள் மேலேயே விழுகிறது. தீர்ப்பான் கைவிட்ட பின்னும் மருந்து பயனற்ற பின்னும் தன் பணி முடியாதவர் உழைச்செல்வார் ஒருவரே. இறுதிக்காலத் தெளிவு அவருடைய நான்கு பண்புகளையும் ஒருங்கே வேண்டி நிற்கிறது.

அன்பு

தெளிவு தோன்றியவுடன் உறவினர் பலரும் ‘நான் யார் என்று தெரிகிறதா?’ என்று நோயாளியைச் சோதிப்பது வழக்கம். நோயாளியின் சிறிய வலிவு இவ்வினாக்களில் செலவழிந்துவிடும். அன்பு செய்யவேண்டியது சோதிப்பதன்று, கேட்பது. அவர் யாரைக் காண விரும்புகிறார், எதைச் சொல்ல விரும்புகிறார், எதைக் கேட்க விரும்புகிறார் என்பனவே முதலில் அறியத்தக்கன. தொலைவில் இருப்பவரை அலைபேசிக் காணொளியிலேனும் இணைத்தல் வேண்டும். ‘இப்போது தேறிவிட்டார், விடுமுறைக்கு வந்து பார்க்கலாம்’ என்று ஒத்திவைப்பதே பிற்காலத்தில் பெருந்துயராக மாறுகிறது. சொல்லத்தக்க சொற்கள் மிகச் சிலவே: நன்றி, மன்னிப்பு, அன்பு, கவலை வேண்டா என்னும் உறுதி. அவற்றை ஒருவர் ஒருவராக, அறையில் கூட்டம் சேராமல் சொல்லுதல் நன்று. குழந்தைகள் விரும்பினால் விலக்கத் தேவையில்லை. பேச்சு வேண்டாத நோயாளியின் கையைப் பற்றி அமர்ந்திருப்பதும் நிறைவான பேணலே.

தூய்மை

மொழித்தூய்மை இங்குக் கடினமானது. ‘நீங்கள் பிழைத்துவிட்டீர்கள்’ என்பது பொய்யாகக்கூடும். அணையும் விளக்கைப் பற்றிய பேச்சு கொடுமையாகும். ‘எனக்குக் குணமாகிவிடுமா?’ என்று நோயாளி கேட்பின், ‘இன்றைக்கு உங்களுக்கு நன்றாக இருக்கிறது, நாங்கள் பக்கத்திலேயே இருக்கிறோம்’ என்பது பொய்யும் ஆகாது, புண்படுத்தவும் செய்யாது. அவரே தம் முடிவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ‘அப்படியெல்லாம் பேசாதீர்கள்’ என்று வாயடைப்பது தகாது. தாம் அறிந்ததைப் பகிர்ந்துகொள்ள அவருக்கு இடமில்லாமற்போகும். மங்கல வழக்கு சொல்லை மென்மையாக்கவே தோன்றியது. பேச்சைத் தடை செய்யத் தோன்றியதன்று.

மனத்தூய்மை சொத்து தொடர்பாகச் சோதிக்கப்படுகிறது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், வழக்கமாகச் சித்தம் பிறழ்ந்திருப்பவரும் சித்தம் தெளிந்த இடைவேளையில் உயில் எழுதலாம் என்கிறது. ஆனால் தாம் செய்வது இன்னதென்று அறியாத நிலையில் எழுதுவது செல்லாது. தெளிந்தவர் தம் விருப்பத்தைத் தாமே தெரிவிக்க முன்வந்தால் அதற்கு உதவுதல் கடமை. கைரேகைக்காக அவர் தெளிவைக் காத்திருந்து பயன்படுத்துதல் அவருடைய கடைசிப் பொழுதைக் களவாடுவதாகும். சிகிச்சை குறித்த விருப்பமும் இவ்வாறே. உயிர்நீட்டிக்கும் கருவிகளை மறுக்கும் முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் அதன் நடைமுறையை எளிமையாக்கியுள்ளது. அவ்வாவணம் இல்லாதவிடத்தும், நோயாளி தெளிவோடு சொல்லும் விருப்பத்தைக் குடும்பத்தாரும் மருத்துவரும் கேட்டு மதித்தல் வேண்டும்.

வன்மை

சொல்லியவற்றை அவ்வாறே செய்தல் என்பது, தேறியதுபோல் தோன்றும் நாளில்தான் தவறுகிறது. வலி குறைந்தது எனக் கருதி மார்பின் மருந்தைத் தாமே நிறுத்துவது அவற்றுள் முதன்மையானது. மருந்தினால்தான் வலி அடங்கியிருக்கிறது. அதனை நிறுத்தினால் தெளிந்த பொழுது வலியின் பொழுதாகிவிடும். நெடுநாள் உட்கொண்ட மருந்தைத் திடீரென விடுவதால் பிற துன்பங்களும் நேரும். மாற்றம் எதுவாயினும் மருத்துவரைக் கேட்டே செய்தல் வேண்டும்.

உணவு அடுத்தது. நோயாளி விரும்பிக் கேட்கும் உணவு மறுக்கத்தக்கதன்று. ஆயினும் விழுங்கும் ஆற்றல் மனத்தெளிவோடு ஒருங்கே மீள்வதில்லை. தலையும் முதுகும் உயர்ந்திருக்க அமர்த்தி, முழுவிழிப்பில் இருக்கும்போது மட்டும், சிறுகரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். இருமலோ நனைந்த குரலோ தோன்றினால் நிறுத்த வேண்டும். சுவைக்காக நாவில் தடவினாலே நிறைவடைவோர் உளர். இறுதியில் பால் ஊற்றும் சடங்கிலும் இக்கவனம் தேவை. விழுங்க இயலாதவரின் வாயில் பாலை ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கும். பாலில் நனைத்த பஞ்சாலோ துணியாலோ இதழை நனைத்தால் சடங்கின் பொருளும் நிறைவேறும், உயிருக்கும் இடர் நேராது. நடக்க முயல்பவரைத் தனியே விடுதலும் ஆகாது. மனம் எழுந்தாலும் கால்கள் எழுவதில்லை.

அறிவு

தெளிவையும் பிதற்றலையும் பிரித்தறிதல் இங்கு முதற்பணி. தெளிவில் நோயாளி சூழலையும் மனிதரையும் அறிந்து பொருந்தப் பேசுவார். பிதற்றலில் கிளர்ச்சியும் அச்சமும் உடையைப் பற்றி இழுத்தலும் பொருந்தாப் பேச்சும் காணப்படும். அதற்கு மருத்துவ உதவி வேண்டும். இரண்டாவது பணி, இருவகை நாளைக்கும் ஆயத்தமாதல். தேற்றம் நிலைத்தால் என் செய்வது, தளர்ந்தால் யாரை அழைப்பது, மருந்து கைவசம் உள்ளதா, இரவில் விழித்திருப்பவர் யார் என்பன தெளிவு நிலவும்போதே முடிவு செய்யப்பட வேண்டும். நெடுந்தொலைவு மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்லும் முடிவும் இப்பொழுதில் எழும். அதனை நோயாளியின் விருப்பமறிந்து, மருத்துவரைக் கலந்தே எடுத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நோய் ஆதரவுச் சிகிச்சையை இல்லத்திற்கே கொண்டுவருவதால், அத்தகைய கலந்துரையாடலுக்கு முன்பினும் வாய்ப்பு மிகுந்துள்ளது.

தெளிவு மறைந்த பின் உறக்கம் மிகுதலும், கைகால் குளிர்தலும், மூச்சு விட்டுவிட்டு வருதலும், தொண்டையில் சேடம் ஒலித்தலும் தொடரலாம். இவை இயல்பான இறுதிநிலைக் குறிகள். அப்பொழுதும் பேச்சை நிறுத்தத் தேவையில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு, இறப்புக்குச் சில மணி நேரம் முன்பு உணர்வற்றுத் தோன்றிய சிலரின் மூளையும் ஒலிக்கு எதிர்வினை காட்டுவதைக் கண்டறிந்தது. காஞ்சி பாடிய பெண்களின் குரல் வீணாகவில்லை என்று கருத இடமுண்டு.

பிரிவுக்குப் பின்

இச்சிறுபொழுது உயிரோடிருப்போர் நினைவில் நெடுங்காலம் தங்குகிறது. அதனைத் தவறவிட்டோரின் துயர் தனித்தன்மை வாய்ந்தது. தேறினார் என நம்பி ஊர் திரும்பியவர் தம்மைத் தாமே குற்றவாளியாக்கிக்கொள்வார். நம்பிக்கையோடு விடைபெற்றதும் ஒரு விடைபெறுதலே. நோயாளி கண்ட கடைசி முகம் மகிழ்ந்த முகமாக இருந்தது என்பதை உறவினர் அவருக்கு எடுத்துச் சொல்லலாம். ஊட்டியவரையும் குளிப்பாட்டியவரையும் பழிப்பது எவ்வாற்றானும் தகாது. அங்குப் பழமொழியைச் சொல்லுதற்குரிய இடம் வந்துவிட்டது. அதனை உரக்கவே சொல்லலாம்.

முடிவுரை

இறுதிக்காலத் தெளிவைத் தமிழ் வழக்கு நெடுங்காலமாக அறிந்துள்ளது. அவ்வறிவு பழமொழியாகும்போது முடிவை நோக்குகிறது. காஞ்சியாகும்போது துணையை நோக்குகிறது. பரிமேலழகர் வகுத்த நான்கு பண்புகளை இந்நிலையில் பொருத்திப் பார்க்கையில், நம்பிக்கையும் ஆயத்தமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பது பெறப்படுகிறது. அன்பு அப்பொழுதை நோயாளிக்கு உரியதாக்குகிறது. தூய்மை அதனைப் பொய்யினின்றும் பேராசையினின்றும் காக்கிறது. வன்மை அவர் உடலைக் காக்கிறது. அறிவு வரவிருப்பதற்கு இல்லத்தை ஆயத்தமாக்குகிறது. சுடர் உயர்ந்து நிற்கும்போது எண்ணெய் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று அளந்துகொண்டிருப்பதினும், அவ்வொளியில் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டுகொள்வதே உழைச்செல்வார் செய்யத்தக்கது. இல்லங்களில் வழங்கும் பேணல் சொற்களையும் நடைமுறைகளையும் வட்டாரந்தோறும் தொகுத்தால், நோய் ஆதரவுச் சிகிச்சைக்குத் தமிழில் அமைந்த கையேடுகள் உருவாக அவை துணைநிற்கும்.